சொந்தக்காரர் வரும்வரை

“அந்தச் சக்கர நாற்காலியைத் திருப்பிக் குடுங்க. அது எங்கம்மா கண்டெடுத்தது.”

மேனேஜர் தலையைத் தூக்கவில்லை. செல்போனில் எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் தூக்கவில்லை. நன்றாகவே விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஒரு பேச்சை மட்டும் எந்தக் காலத்திலும் பேசிவிடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். “வேற என்ன வேணா கேளு. ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கேளு, லீவு கேளு. குடுத்ததைத் திருப்பிக் குடுன்னு மட்டும் கேட்டுடாதடி. அப்புறம் குடுத்த கையையே சந்தேகப்படுவாங்க.” நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்யும்போதே தெரியும், மீறத்தான் போகிறேன் என்று.

அம்மாவுக்கு இந்த பஸ் டெர்மினலில் துப்புரவு வேலை. தனியார் கம்பெனி நடத்துகிற டெர்மினல். பளபளவென்று தரை, பளபளவென்று கண்ணாடி, வாசலில் தானாகத் திறக்கும் கதவு. அந்தப் பளபளப்பு மொத்தமும் அம்மாவும் அவளோடு வேலை செய்கிற பெண்களும் முட்டி தேயத் தேய்த்தது. ஆனால் தானாகத் திறக்கும் கதவு அவர்களுக்குத் திறக்காது. அவர்கள் பின்பக்கமாகத்தான் போக வர வேண்டும். பின்கேட்டில் சூப்பர்வைசர் நிற்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், கழுத்தில் தொங்கும் விசிலை ஊதித்தான் கூப்பிடுவார். ஒரு ஊதல் என்றால் வா. நீளமாக ஊதினால் நில்.

வேலை உடுப்பு கம்பெனியுடையது. அதில் பை இருந்த இடங்களை எல்லாம் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார்கள். எதையாவது எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். அந்த உடுப்போடு கேட்டைத் தாண்டவும் கூடாது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சொந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, கேட்டில் கைப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். வந்து சேர்ந்த நாளிலிருந்து அம்மா ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் பையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் அதிலிருந்து எதுவும் விழுந்ததில்லை, எங்கள் வீட்டுச் சாவியைத் தவிர.

முன்வாசல் கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதற்கு ‘நேர்மைச் சுவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துப்புரவுப் பெண்களில் யாராவது எதையாவது கண்டெடுத்துக் கொடுத்தால், எடுத்த இடத்துக்கே அழைத்துப் போய், பொருளைக் கையில் பிடிக்க வைத்து, பக்கத்தில் மேனேஜர் நின்று ஒரு போட்டோ. சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். பயணிகள் அதைப் பார்த்துக் கம்பெனியை மெச்சிக்கொள்ளலாம். செல்போனோடு ஒருத்தி, குடையோடு ஒருத்தி, குழந்தையின் ஒற்றை ஷூவோடு ஒருத்தி. அதிகாரிகள் படம் ஒன்றுகூட அங்கே கிடையாது, மேனேஜர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவதைத் தவிர. அதிகாரிகள் கண்ணில் எதுவும் தட்டுப்படுவதே இல்லை போலும். தட்டுப்பட்டாலும் யாரிடமும் கொடுப்பதில்லை போலும்.

போன வருடம் அம்மா படம் அந்தச் சுவரில் ஏறியது. அன்று வேலை முடிந்து, உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில், விளக்குக் கம்பத்தில் சாய்த்தபடி மடக்கி வைத்த ஒரு சக்கர நாற்காலி. பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறாள். வெயில் சாய்ந்தும் யாரும் வரவில்லை. வேறு யாரிடம் ஒப்படைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வாசல் அந்தப் பின்கேட்டுதான். தள்ளிக்கொண்டு உள்ளே போய், “பத்திரமா வெச்சிருந்து உரியவங்ககிட்ட சேர்த்துடுங்க சார்” என்று மேனேஜரிடம் கொடுத்தாள். “சேர்த்துடறேன்” என்றாராம். மறுபடியும் வெளியே கூட்டிவந்து போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் போட்டோவைப் பற்றிப் பேசவில்லை. “நாற்காலி இல்லாம அவங்க எப்படி வீடு போய்ச் சேர்ந்தாங்களோ” என்றுதான் புலம்பினாள். அதற்குப் பிறகும் சாப்பிடும்போதோ துணி மடிக்கும்போதோ, சம்பந்தமே இல்லாமல், “அந்த நாற்காலிக்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்க இல்ல?” என்பாள். “ஆபீஸ்ல தேடிக் கண்டுபிடிச்சிருப்பாங்க” என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

அப்போது அப்பா இரண்டு காலில் நடந்துகொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். இந்த வருட ஆரம்பத்தில் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை.

எங்களுடையது ஒரே அறை. குளியலறையும் கழிப்பறையும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஐந்து குடும்பத்துக்கும் பொதுவாக. அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவோம். “ஊர்வலம் நல்லாத்தான் இருக்கு. கழுத்துல ஒரு மாலைதான் குறைச்சல்” என்பார். சிரிப்பு மூட்டத்தான் சொல்வார். சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்த இடத்திலெல்லாம் வரும் வரும் என்றார்கள். கடையில் வாங்க வழியில்லை, அதை நான் யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன மாதம் மழையில் முற்றத்தின் நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடிந்தது. அப்பா சேற்றில் விழுந்தார். ஐந்து வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். “நல்லவேளை, நாற்காலிதான் உடைஞ்சுது. நான் உடையல” என்றார். துடைத்துப் படுக்க வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் மறுபடி தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்று. அதன் பிறகு தினமும் அப்படித்தான். ஒரு டம்ளர் தண்ணீரை மணிக்கணக்கில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் நனைப்பார். நாடு முழுக்க லாரி ஓட்டிய மனுஷன்.

போன வாரம் அம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். முன்வாசல் கதவு எனக்குத் தானாகத் திறந்தது. சுவரில் அம்மா படத்தைப் பார்த்தேன், முதல் முறையாக. பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். அப்புறம் மாடியேறி ஆபீஸ் வராந்தாவுக்குப் போனேன்.

அங்கே அந்த நாற்காலி நின்றது. அதன் மேல் இரண்டு தண்ணீர் கேன், கயிறு போட்டுக் கட்டியபடி.

கேன் கொள்வதற்காக ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சீட்டு நனைந்து நனைந்து கறுத்துப்போய், நடுவில் தொங்கியது. ஒருத்தர் அதைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய் கேன் மாற்றினார். அதன் பின்னாலேயே ஒரு பெண் மாப்பு போட்டுக்கொண்டு வந்தாள், சக்கரத்தின் ஈரத் தடத்தைத் துடைத்துத் துடைத்து. அது என் அம்மா.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கண்ணாடியை வாங்கிக்கொண்டு, “போ, வீட்டுல பேசிக்கலாம், போ” என்றாள்.

வீட்டில் பேசினோம். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

“எத்தனை நாளாம்மா தெரியும் உனக்கு?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளான்னா? அப்பா விழுந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

“அப்பாவைச் சேத்துல போட்டோமே, அன்னைக்கும் நீ போய் அதோட பின்னாடி மாப்பு போட்டியா?”

“சொந்தக்காரங்க வருவாங்க, அதுவரைக்கும் சும்மா நிக்கிறதுக்குப் பதிலா ஏதோ உபயோகம் பண்ணிக்கறாங்கன்னு நினைச்சேன். நம்மளுதா அது? நம்ம எப்படிடி கேக்கறது?”

“அவங்களுதா?”

கட்டிலில் இருந்து அப்பா, “வக்கீலம்மா, கோர்ட்டைக் கொஞ்சம் கலைக்கிறியா? எனக்குத் தூக்கம் வருது” என்றார். அவருக்குத் தூக்கம் வரவில்லை. அன்றுதான் அம்மா சத்தியம் வாங்கினாள்.

எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே வாயைக் கட்டுவார்கள். படிச்ச பொண்ணு இப்படிச் சண்டை போடலாமா? படிக்காத பொண்ணு போட்டால் ரவுடி என்பார்கள். அப்போ யார்தான் போடுவது? ஒரு வக்கீலிடம் ஜூனியராக ஃபைல் தூக்கிக்கொண்டிருக்கிறேன். வேறு எது மறந்தாலும் இந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை: கண்டெடுத்ததாலேயே பொருள் கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் உரியவர் வரும்வரை அதை வைத்திருக்கும் உரிமை கண்டெடுத்தவருக்குத்தான். உரியவரைத் தவிர வேறு எவனும் அதில் கை வைக்க முடியாது. அதற்காகக் கண்டெடுத்தவர் அதைத் தன் பொருள் மாதிரி பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், உரியவரை மெய்யாகவே தேட வேண்டும். வகுப்பில் இதைக் கேட்டபோது கொட்டாவி விட்டேன். எங்கள் வீட்டுக்குள் எதைத் தொலைக்கப் போகிறோம், எதைக் கண்டெடுக்கப் போகிறோம் என்று.

இதோ, கண்டெடுத்தாயிற்று. அதனால்தான் இன்று காலை நேராக மேனேஜர் அறைக்கு வந்து நிற்கிறேன்.

கடைசியில் அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “யாரும்மா நீங்க?”

“இங்க துப்புரவு வேலை செய்றவங்க பொண்ணு. கீழே சுவர்ல சக்கர நாற்காலியோட நிக்கிறாங்களே, அவங்க.”

“ஓ!” முகம் மலர்ந்தது. “அருமையான லேடி. நம்ம குடும்பத்துல ஒருத்தர் மாதிரி.”

“அப்படின்னா அவங்க பேரு என்ன சார்?”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மேஜை மணியை அழுத்தி விசிலை வரச் சொன்னார். விசில் வந்தார். வராந்தாவில் மாப்போடு நின்ற அம்மாவையும் கண்ணால் இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். ஈரக் காலோடு உள்ளே வரக் கூடாது என்று அவளுக்கு ஒரு விதி.

“இந்தப் பொண்ணு என்னமோ கேக்குது, என்னன்னு பாருங்க” என்றார் மேனேஜர், நான் வேறு ஏதோ பாஷை பேசுவது போல.

விசில் அம்மா பக்கம் திரும்பினார். “என்னக்கா இது? வீட்டு விஷயத்தையெல்லாம் வேலை இடத்துக்குக் கூட்டிட்டு வர்றது?”

“வீட்டு விஷயம் இல்ல. வேலை இடத்து விஷயமும் இல்ல” என்றேன். “நாற்காலி விஷயம். எங்கம்மா கண்டெடுத்தாங்க. சொந்தக்காரர் வரல. வர்ற வரைக்கும் வெச்சிருக்கற உரிமை எங்கம்மாவுக்கு. உங்களுக்குத் தண்ணி தூக்கறதுக்கு இல்ல. எங்கப்பா கால் வராம வீட்டுல கிடக்காரு.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சட்டம் பேசுகிறவர்களைச் சமாளித்துப் பழகிய சாய்மானம். “இதப் பாரும்மா. எங்க இடத்துல, எங்க ஊழியர், டியூட்டி நேரத்துல எடுத்த பொருள். அது எங்க பொறுப்பு. எந்தச் சட்டத்துல வேணா போய்க் கேளு.”

நான் செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மாடியேறும் முன் நேர்மைச் சுவரில் அம்மாவைப் படம் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

“இது நீங்க பக்கத்துல நின்னு எடுத்த போட்டோதானே சார்?”

“ஆமா.”

“எடுத்த இடத்துலயேதானே நிக்க வெச்சு எடுப்பீங்க?”

“அதுதான் எங்க பழக்கம். அப்பதான் அது நிஜமா இருக்கும்” என்றார். விசில்கூடத் தலையை ஆட்டினார்.

“எங்கம்மா என்ன போட்டிருக்காங்க?”

குனிந்து பார்த்தார். படத்தில் அம்மா சொந்த உடுப்பில் நிற்கிறாள். தோளில் கைப்பை.

“உங்க உடுப்போட கேட்டைத் தாண்டக் கூடாது. உங்க உடுப்பு இல்லாம உள்ளே வேலை பார்க்கக் கூடாது. இது உங்க விதி. அப்போ வேலை முடிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்? சரி, அவங்க தலைக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க.”

அவர் படிக்கவில்லை. நானே படித்தேன். கேட்டில் மாட்டிய பலகை. படத்தில் அம்மா தலைக்கு மேலே கிரீடம் மாதிரி நிற்கிறது. “‘வெளியாட்கள் அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது.’ இந்தப் பலகை கேட்டுக்கு எந்தப் பக்கம் சார் இருக்கு? உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

விசில் வாயைத் திறந்தார். “வெளிப்பக்கம்தான்...” என்று ஆரம்பித்து, மேனேஜர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

“ரோட்டுல, வேலை முடிஞ்சு, சொந்தத் துணியில கண்டெடுத்தது. நீங்களே போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, ஊர் பார்க்க மாட்டியிருக்கீங்க. எனக்குச் சாட்சி தேடற வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க, ரொம்ப நன்றி.”

செல்போனை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன். மேலே கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல். மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு முட்டு கொடுத்திருந்தார்கள். கறுப்பு ரப்பர் சுற்றிய, வளைந்த இரும்பு.

நாற்காலியின் கைப்பிடி.

ஒரு மனுஷன் கை வைத்துச் சாய்ந்த இடம் அது. இந்த ஆளுக்குக் காற்று வருவதற்காக ஜன்னலில் செருகியிருக்கிறார்கள்.

மேனேஜர் என் பார்வை போன திசையைப் பார்த்தார். சடாரென்று குரல் மாறியது. தேன் என்றால் தேன். “உட்காரும்மா, முதல்ல உட்காரு. உங்கப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே. ஒண்ணு செய்வோம். கம்பெனி சார்பா அந்த நாற்காலியை உங்கப்பாவுக்கு அன்பளிப்பாக் குடுத்துடறோம். நல்லாத் துடைச்சு, ஒரு ரிப்பன் கட்டி. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. கீழே கூடத்துல சின்னதா ஒரு நிகழ்ச்சி, ஒரு போட்டோ. சுவர்ல அம்மா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டிடுவோம். எல்லாருக்கும் நல்லது.”

வாசற்படியில் அம்மா வேகமாகத் தலையாட்டினாள். கண்ணாலேயே கெஞ்சினாள். வாங்கிக்கோடி. தொலையட்டும், வாங்கிக்கோ.

வாங்கியிருந்தால் முடிந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாளே அப்பா முற்றத்தைக் கடந்திருப்பார். வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருப்பார். ஆனால் அதற்கு முன்னால் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கூடத்தின் நடுவில் உட்கார வைக்க வேண்டும். இந்த ஆள் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவார். அப்பா கும்பிட வேண்டும். பயணிகள் பெட்டியை உருட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் கையிலிருந்து போனதை எங்களுக்கே பிச்சை போட்டுவிட்டு அதற்கும் ஒரு சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

“உங்களுது இல்லாததை எப்படி சார் அன்பளிப்பாக் குடுப்பீங்க?” என்றேன்.

தேன் வடிந்துவிட்டது. “அப்போ உங்களுதா? நீயே சொன்னே, சொந்தக்காரன் வேற ஒருத்தன்னு. நாளைக்கே அவன் வந்து நின்னா?”

“அந்த நிமிஷமே எங்கப்பாவை இறக்கி விட்டுட்டுக் குடுப்போம். அதுவரைக்கும் நாற்காலி முதுகுல பெரிசா எழுதி ஒட்டி வைப்போம், ‘இது உங்களுதா?’ன்னு. எங்கப்பா எங்கெல்லாம் போறாரோ அங்கெல்லாம் அந்த எழுத்தும் போகும். நீங்க என்ன பண்ணீங்க? ஒரு அறிவிப்பு ஒட்டுனீங்களா? போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னீங்களா? மைக்ல தினமும் எந்த பஸ் லேட்டுன்னு கத்தறீங்களே, அதுல ஒரு தடவை சொன்னீங்களா?”

“தண்ணி கேன் கட்டற ஓட்டை நாற்காலிக்கு யாரும்மா மைக்ல கூவிட்டு இருப்பாங்க? ஆயிரம் வேலை இருக்கு இங்க.”

“அப்ப யாரையுமே தேடலையா சார்?”

கேட்டது நான் இல்லை.

எல்லோரும் வாசற்படியைப் பார்த்தோம். இத்தனை வருடத்தில் அம்மா அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். குரல் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற குரல்.

“நீ போய் வேலையைப் பாரும்மா” என்றார் மேனேஜர்.

“உரியவங்ககிட்ட சேர்த்துடறேன்னு சொன்னீங்களே சார். அந்த நம்பிக்கையிலதானே குடுத்துட்டுப் போனேன். இல்லன்னா நானே நாலு தெரு கேட்டிருப்பேனே. பக்கத்துல எங்கயோதான் இருந்திருப்பாங்க. கால் வராதவங்க எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்?”

அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். வராந்தாவில் நின்ற நாற்காலியிடம் போனாள். கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு கேனைக் கட்டிப் பிடித்து இறக்கித் தரையில் வைத்தாள். அடுத்ததையும் இறக்கினாள். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் இரண்டும் இறங்கிவிட்டன.

“அக்கா, என்ன பண்றீங்க?” என்று விசில் பதறினார். “சார் பார்த்துட்டு இருக்காரு.”

“பாக்கட்டும். நான் வேலை செய்றதை அவர் என்னைக்குப் பார்த்திருக்காரு?”

இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி நாற்காலியின் சீட்டைத் துடைத்தாள். முதுகைத் துடைத்தாள். சக்கரத்தின் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்தாள். டெர்மினல் தரையைத் துடைக்கிற மாதிரி இல்லை அது. எனக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் முன் முகம் துடைத்துவிடுவாளே, அந்த மாதிரி.

மேனேஜர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். “அதைத் தொட்டா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம். சொல்லிட்டேன்.”

அம்மா நிமிர்ந்தாள். பயந்துதான் இருந்தாள், எனக்குத் தெரியும். உதடு உலர்ந்துபோனால் அவள் கன்னத்தை உள்பக்கமாகக் கடிப்பாள். கடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வர்றதைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம் சார். இன்னைக்கு எனக்குக் கீழ்ப்பக்கம் பூரா பாக்கி கிடக்கு.” பிறகு என்னிடம், “தள்ளிட்டுப் போடி. அப்பாவுக்குத் தண்ணி குடு” என்றாள்.

“நீயும் வாம்மா.”

“வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தா அதையும் சேர்த்துச் சொல்லுவாங்க. போ. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வெச்சுக்கிட்டு நிக்காத.”

எனக்கு அந்த மாப்பைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் தன் முடிவை எடுத்துவிட்டாள். அதில் என் முடிவைக் கொண்டுபோய்த் திணிக்க நான் யார்? அவளை வேலையை விட்டு நிறுத்தினால், அதற்கும் இந்த மாடியேறி வருவேன்.

மேனேஜர் அறைக்குள் போய் ஜன்னலிலிருந்து கைப்பிடியை உருவினேன். ஜன்னல் படாரென்று விழுந்து மூடியது. மேஜை மேல் இருந்த டம்ளர் ஆடியது. “ஏய், ஏய்!” என்றார். இவ்வளவு நேரம் நான் அம்மாவாக இருந்தேன், இப்போது ஏய் ஆகிவிட்டேன். பரவாயில்லை. கைப்பிடியைச் சீட்டில் போட்டேன்.

நாற்காலியைத் தள்ளினேன். இடது சக்கரம் கொஞ்சம் இழுத்தது. அப்பாவின் கால் மாதிரி. லிஃப்டில் இறங்கினேன். கூடத்தில் நேர்மைச் சுவரைத் தாண்டினேன். அம்மா அங்கே பலகைக்குக் கீழே, சொந்த உடுப்பில், அதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படத்தில் நாற்காலிக்கு இரண்டு கைப்பிடியும் இருந்தன.

விசில் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். “நில்லு! அதைத் தள்ளிக்கிட்டு இப்படிப் போகக் கூடாது! பின்கேட் வழியா வா, பையைக் காட்டு!”

“என் பையில என்ன இருக்குன்னு போலீஸ் ஸ்டேஷன்ல காட்டறேன். இங்கேர்ந்து நேரா அங்கதான் போறேன். கண்டெடுத்தது இன்னார்கிட்ட இருக்கு, உரியவர் வந்தா இந்த வீட்டுல வாங்கிக்கலாம்னு எழுதிக் குடுக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களா? இத்தனை நாளா எங்கே இருந்துதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.”

அவர் வரவில்லை. விசிலை வாயில் வைத்தார். நீளமாக ஊதினார். கூடத்தில் இருந்த பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பழக்கதோஷத்தில் மாப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

முன்வாசல் கதவு தானாகத் திறந்தது. நாற்காலியின் முன்சக்கரம் படியில் இடித்தது. தூக்கி வைத்துத் தள்ளினேன். பின்னால் இன்னொரு ஊதல், முன்னதைவிட நீளமாக. மூச்சு முட்டும்வரை ஊதட்டும் என்று ரோட்டில் இறங்கி நடந்தேன்.